வெட்டுக்கிளிக் காப்பகத்தில் ஆய்வு நாள்

உயிரினப் பாதுகாப்பின் உலக வரலாற்றை இனி விருத்தாசலத்துக்கு முன், விருத்தாசலத்துக்குப் பின் என்று பிரித்துத்தான் எழுத வேண்டும். பிரித்துக் கொடுத்த பெருமை வெண்களி பீங்கான் கம்பெனி மேனேஜர் தர்மராஜையே சேரும்.

சூளைக்குப் பின்னால் நாலு கொய்யா மரங்கள். அவற்றில் இலை வேஷம் போடும் வெட்டுக்கிளிகள் குடியிருப்பதைக் கண்டுபிடித்தவள், கப்புகளுக்குப் பூ வரையும் பானுமதி. முதலாளிக்கோ அங்கே லாரி நிறுத்த இடம் வேண்டும். "பசுமை விருது கெடைச்சா மரம் இருக்கட்டும். இல்லன்னா வெட்டிடுங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பானுமதிக்குச் சோறு இறங்கவில்லை.

வெட்டுக்கிளிக் காப்பகம் என்று விருதுக்கு எழுதிப் போட்டார்கள். ஆய்வுக் குழு வரும் நாள் காலையில் மரங்கள் பளபளவென்று நின்றன. நெடி மூக்கைத் துளைத்தது.

"என்ன சார் இது?"

"மருந்து அடிச்சிருக்கும்மா. பெரியவங்க வர்ற நேரம் பூச்சிகீச்சி இருந்தா நம்ம மானம் போயிடாது?"

"அவங்க பாக்க வர்றதே பூச்சியத்தான் சார்!"

தர்மராஜ் ஒரு நிமிடம் நெற்றியைத் தடவினார். ஆனால் கலங்கவில்லை. மேனேஜர் பதவி சும்மா வருமா?

குழுத் தலைவர் அன்பரசன் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஒண்ணும் தெரியலையே?"

"தெரிஞ்சா அது என்னாங்கய்யா வேஷம்?" என்றார் தர்மராஜ்.

தலைவர் அசந்துபோனார். ஒரு காய்ந்த இலையை உற்றுப் பார்த்து, "அடடா, நரம்புகூட அப்படியே இருக்குது!" என்று அதைப் போட்டோ எடுத்தார். "சரி, குஞ்சு?"

தர்மராஜ் பானுமதியைப் பார்த்தார். "சின்னதுல எறும்பு மாதிரி இருக்குங்க. தோலு உரிக்க உரிக்கத்தான் இலையா மாறும்."

"அதோ!" என்று கத்தினார் தலைவர். அடிமரத்தில் எறும்புகள் செத்த வெட்டுக்கிளி ஒன்றை இழுத்துக்கொண்டு போயின. "அம்மாவைப் புள்ளைங்க தூக்கிக்கிட்டுப் போவுதுங்க! என்னா பாசம்!" குழுவினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பானுமதி வாயைத் திறக்கப் போனாள். உண்மையைச் சொன்னால் மரம் போய்விடும். மரம் நின்றால் அடுத்த மழைக்கு எங்கிருந்தாவது பூச்சி வராமலா போகும்? எல்லோரோடும் சேர்ந்து அவளும் கைதட்டினாள்.

"இலையெல்லாம் பளபளன்னு இருக்குதே, என்ன பராமரிப்பு?" என்று தர்மராஜைக் கேட்டார் தலைவர்.

"மருந்துதாங்கய்யா. நானே நின்னு அடிச்சேன்."

விருது அங்கேயே அறிவிக்கப்பட்டது. மரங்கள் பிழைத்தன. நெகிழ்ந்துபோன தலைவர், இதே "பராமரிப்பு முறை"யை விருத்தாசலம், திட்டக்குடி, மங்களூர் என்று சுற்று வட்டாரம் முழுக்க ஒரு மரம் விடாமல் உடனே செயல்படுத்தும்படி பரிந்துரை எழுதினார். அதன் கீழே, வெட்டுக்கிளிகளைக் கண்டுபிடித்தவர் என்ற மரியாதையோடு, முதல் கையெழுத்தைப் பானுமதியிடம் வாங்கிக்கொண்டார்கள்.