முன்சீட்டுக்காரரின் பொற்காலம்

எங்கள் விஸ்கான்சின் பக்கத்தில் ஓர் இனம் செழித்து வளர்கிறது. அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் வேகன் ஏக்கக்காரர். அறுபது தாண்டிய ஆண், தலையில் சோள விதைக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த தொப்பி, கையில் துடைக்கிற துணி. பெட்ரோல் பங்கில் நின்று "இன்னிக்கு வெயில் கொஞ்சம் அதிகம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டீர்களோ, தொலைந்தீர்கள். "எங்க வேகன்ல ஏசியே கிடையாதுங்க" என்று ஆரம்பித்துவிடுவார். உங்கள் ஐஸ்கிரீம் உருகி முழங்கை வழியே இறங்கும். அவர் இன்னும் முதல் ஊரையே தாண்டியிருக்க மாட்டார்.

வேகன் என்றால் உங்களுக்குத் தெரியும்தானே? பின்புறம் டிக்கிக்குப் பதிலாக, கூரையைக் கடைசி வரைக்கும் இழுத்து, நாலு பக்கமும் கண்ணாடி போட்டு, குடும்பம், கூடாரம், நாய், படகுத் துடுப்பு எல்லாவற்றையும் உள்ளே அடைத்துக்கொண்டு போகிற நீளமான கார். பக்கவாட்டில் மரப்பலகை அடித்திருக்கும். மரமா அது? பசை தடவி ஒட்டிய தாள். அவருக்கும் அது தெரியும். இருந்தாலும் ஞாயிறு தவறாமல் மரச்சாமான் எண்ணெயை வாங்கி வந்து அந்தத் தாளுக்குத் தடவுகிறாரே, அவரை என்ன செய்வது?

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி என் எதிர்வீட்டில் இருக்கிறார். வெர்லின் டாலஃப்சன். வேகனுக்கு கராஜ், மனைவி டார்லீனின் காருக்குப் பனி. ஜனவரியில் அந்த அம்மாள் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது, கராஜுக்குள் வேகன் போர்வை போர்த்தித் தூங்கும். நாங்கள் யாரும் அதன் கதவைத் தொடக்கூடாது. அவர் திறந்துவிடுவார், நாம் ஏற வேண்டும். ஏறியதும் பிரசங்கம் தொடங்கும். "இப்ப வர்றதெல்லாம் வண்டியா? ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கிட்டுப் போறாங்க. நாங்க குடும்பமா போனோம். சீட் பெல்ட்டா? பிரேக் போட்டா எங்கம்மா கையைக் குறுக்கே நீட்டுவாங்க. அதான் பெல்ட்."

கேலி ஒருபுறம் இருக்கட்டும். அப்பா அந்தக் காலத்தில் ஓட்டிய அதே மாதிரி வண்டி இது; மனிதர் தேடிப் பிடித்து இதை வாங்கியது ஒரே ஓர் ஆளுக்காக. தங்கை கார்லா. அம்மாவின் சவ அடக்கத்துக்குப் பிறகு அரிசோனாவிலிருந்து இந்தப் பக்கமே வராதவள். அவளை இதில் ஏற்றி, வடக்கே ஏரிக்கரையில் இருக்கும் சின்ன வயதில் குடும்பமாக விடுமுறைக்குப் போன பழைய மரவீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். வழியில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "ஆமாண்ணே, நாம நல்லாத்தான் இருந்தோம்" என்று அவள் சொல்லிவிட வேண்டும். பெற்றவர்கள் இருவரும் போய்விட்ட பிறகு அதைச் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான். வருஷக்கணக்காக அவர் அந்த என்ஜினோடு மல்லுக்கட்டியது அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

இந்த ஜூலையில் கார்லா வந்தாள். எனக்கும் அழைப்பு இருந்தது. டார்லீன் நடுச்சீட்டில், பக்கத்தில் நான். சரித்திரச் சம்பவத்துக்குச் சாட்சி வேண்டாமா? வெர்லின் பின்கதவைத் திறந்து, பின்பக்கம் பார்த்தபடி போட்டிருக்கும் கடைசிச் சீட்டைப் பெருமையோடு காட்டினார்.

"பாரு கார்லா. உன் சீட்டு. அப்படியே இருக்கு."

"இருக்குண்ணே. அதான் வயித்தைக் கலக்குது."

"பின்னாடி வர்ற லாரிக்காரனுக்கு ஹாரன் கயித்தை இழுக்குற மாதிரி கையை இழுத்து இழுத்துக் காட்டுவியே, அவன் ஹாரன் அடிப்பானே?"

"அது நீ. ஒரே ஒரு நாள் பின்னாடி வந்தே. மத்த நாளெல்லாம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவுல உக்காந்து மேப்பைப் பிடிச்சுக்கிட்டு வந்தே. பை பிடிச்சுக்கிட்டு வந்தவ நான்."

"என்ன பை?"

"வாந்திப் பை." கார்லா சிரிக்கவில்லை. "ஏரி வருது, ஏரி வருதுன்னு நீங்க எல்லாரும் முன்னாடி கத்துவீங்க. எனக்கு அது தாண்டிப் போன பிறகுதான் தெரியும். நான் எதுவும் வர்றதைப் பார்த்ததில்லண்ணே. போறதைத்தான் பார்த்தேன். இதுல நான் ஏற மாட்டேன்."

வெர்லினின் முகம் தொங்கிவிட்டது. அவ்வளவு எண்ணெயும் வீண் என்று நினைத்தேன். டார்லீன்தான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"ஏங்க, சாவியை அவகிட்ட குடுத்துட்டு நீங்க பின்னாடி ஏறுங்க. அவ்வளவு சொர்க்கம்னா நீங்களே அனுபவிங்க."

கதவைத் தொடவிடாத மனிதர் சாவியைக் கொடுத்தார். முழங்கால் முகவாயில் இடிக்க, பின்சீட்டில் மடங்கி உட்கார்ந்தார். அத்தோடு விட்டாரா? பின்கண்ணாடியை முழுக்க இறக்கச் சொன்னார். அந்தக் காலத்தில் அப்படித்தானாம், காற்று பிய்த்துக்கொண்டு வருமாம். இந்த வண்டியில் பின்கண்ணாடியை இறக்கினால் வருவது காற்றல்ல, புகை. சைலன்சர் கக்குவது அத்தனையும் சுழன்று நேரே கடைசிச் சீட்டுக்குத்தான் வரும். முன்சீட்டிலேயே வளர்ந்தவருக்கு அது எப்படித் தெரியும்?

முதலில் குஷியாகத்தான் இருந்தார். ஒரு லாரிக்காரனிடம் கையை இழுத்துக் காட்டி ஹாரன்கூட வாங்கிவிட்டார். சோளக்காடுகள் முடிந்து, சாலை மேடும் பள்ளமுமாக ஆனதும் பின்னாலிருந்து சத்தமே இல்லை. கார்லா கண்ணாடியில் பார்த்தாள். தொப்பியின் பின்புறம் மட்டும் தெரிந்தது.

"அண்ணே, ஒரு பாட்டுப் பாடேன்."

"நிறுத்தும்மா."

ஒரு பால்பண்ணை வேலியோரம் நிறுத்தினோம். காலையில் தின்ற அத்தனை பான்கேக்கும் விஸ்கான்சின் மண்ணுக்குப் போயின. பசுக்கள் வேலி வரைக்கும் வந்து பார்த்தன. கார்லா அண்ணனின் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் கொடுத்தாள்.

"இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீ" என்றார் வெர்லின்.

"சொன்னேண்ணே. ஒவ்வொரு தடவையும் சொன்னேன். முன்னாடி ரேடியோ ஓடிக்கிட்டிருக்கும்."

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு அந்தப் பின்சீட்டைப் பார்த்தார். மனிதருக்கு வெட்கம். அதைவிட, தங்கை அத்தனை தூரமும் தனியாகவே வந்திருக்கிறாள் என்ற வருத்தம். பிறகு தானே போய்ப் பின்கண்ணாடியை ஏற்றிவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார். ஏரி வரைக்கும் கார்லாதான் ஓட்டினாள். யாரும் ரேடியோ போடவில்லை. பைன் மரங்களுக்கு நடுவே தண்ணீர் பளிச்சென்று தெரிந்தபோது அவள் வண்டியை மெதுவாக்கினாள்.

"வருதுண்ணே" என்றாள்.

வெர்லின் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? டார்லீனின் காருக்கு கராஜ் கிடைத்தது, அதுவரைக்கும் லாபம். ஆனால் அடுத்த வாரம் பெட்ரோல் பங்கில் ஒரு பாவப்பட்டவரின் ஐஸ்கிரீம் உருகிக்கொண்டிருந்தது. "தங்கச்சி ஓட்டுறா, நான் பின்சீட்டுல. கண்ணாடியை இறக்கிவிட்டா என்னா காத்து, என்னா சுகம்! இப்ப வர்றதெல்லாம் வண்டியா?" வாந்தியெடுத்து ஏழு நாள் ஆகவில்லை, அதற்குள் அதுவும் பொற்காலத்தில் சேர்ந்துவிட்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. சிரித்து முடித்ததும், "எங்க வீட்டுலகூட அந்தக் காலத்துல..." என்று உங்களுக்கும் நாக்கு துறுதுறுக்கும். பரவாயில்லை, தாராளமாகச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் அந்த ரேடியோவை மட்டும் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். பின்னாலிருந்து யாரோ ஏதோ சொல்கிறார்கள்.