நம்பர் சொல்லிப் போகும் பிளேன்

வானத்தை வாசிப்போர் என்று ஓர் இனம் உண்டு. விமானச் சத்தம் கேட்டதும் மற்றவர்கள் பதுங்குகுழியைத் தேடுவார்கள். இவர்களோ முற்றத்தின் நடுவே வந்து, சாரத்தை மடித்துக் கட்டி, ஒரு கையை நெற்றிக்குக் கொடுத்து, மறு கையால் ஊரை அமர்த்தி, "பொறுங்கோ" என்பார்கள். ஊரும் பொறுக்கும். ஏன் பொறுக்காது? யாழ்ப்பாணத்துக் கடலோரக் குருநகரில் மூன்றடி தோண்டினால் கடல் எட்டிப் பார்க்கும். குழிக்குள் எந்நேரமும் முழங்காலளவு உப்புத்தண்ணீர். இறங்க வேண்டாம் என்று சொல்பவர்தானே தெய்வம்!

அங்கே இந்த இனத்தின் தலைமகன் கனிசியஸ். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ராடர் அறைக்குப் பதினொரு மாதம் தேநீர் சுமந்தவர். கொண்டுபோன தேநீரைவிடக் கொண்டுவந்த அறிவு அதிகம்.

"ராடருக்கு எல்லாம் வெறும் புள்ளி. அதால ஒவ்வொரு பிளேனுக்கும் நாலு இலக்கத்தில ஒரு நம்பர் குடுப்பினம். ராடர் 'ஆர் நீ?' எண்டு கேக்கும். பிளேனுக்குள்ள இருக்கிற பெட்டி, தானே நம்பரைச் சொல்லும். ஆமிச் சென்றியில நாங்கள் அடையாள அட்டை காட்டுற மாதிரி. அந்த நம்பரில எட்டும் ஒன்பதும் வராது, தெரியுமே?"

"ஏன் அண்ணை வராது?"

"அது பெரிய கணக்கு."

பெரிய கணக்கு என்ற இடத்தில் ஒரு மனிதரின் அறிவு முடிந்துபோவதை யார் கவனிக்கிறார்கள்?

பக்கத்து வீட்டுக் கத்தரீனாவுக்குப் பிள்ளை பிறந்து அன்று பன்னிரண்டாம் நாள். காலையில் சத்தம் கேட்டது. இறங்கினால் பிள்ளைக்குச் சளி. இறங்காவிட்டால்? அவள் வேலியால் எட்டிக் கேட்டாள்.

"அண்ணை, இறங்கட்டோ, விடட்டோ?"

கனிசியஸ் கண்ணை மூடிக் காதைத் தீட்டினார். "உது பயணிகள் பிளேன், பிள்ளை. கொழும்புக்கு நம்பர் சொல்லிச் சொல்லிப் போகுது."

"நம்பர் உனக்கும் கேக்குதோ தம்பி?" என்றாள் மாமியார் செபஸ்தியம்மா.

"பழகின காது, அக்கா."

"உவன்ரை காதை நம்பாதை. இறங்கடி!"

"ஞானஸ்நானத்துக்கு முந்தியே பிள்ளையை உதுக்குள்ள தோய்க்கவோ, மாமி?"

கத்தரீனா நின்றுவிட்டாள். அவளுக்கு வேண்டியிருந்த பதிலைத்தான் கனிசியஸ் சொல்லியிருந்தார். வேண்டிய பதில் உண்மை போலவே இருக்கும்.

சத்தம் திரும்பியது. தாழ்ந்தது. மாமியார் இழுக்க, கத்தரீனா பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, இரண்டு வீட்டுக்கும் பொதுவான அந்தக் குழிக்குள் பாய்ந்தாள். கடற்கரைப் பக்கம் இடி விழுந்தது போல நிலம் அதிர்ந்து மண் சொரிந்தது. பிள்ளை வீரிட்டு அழுதது. அந்த அழுகை கேட்ட பிறகே அவளுக்கு மூச்சு வந்தது.

மூச்சு வந்ததும் கண் தெரிந்தது. மூலையில், அவளுக்கு முன்பே வந்து, மார்பளவு தண்ணீரில் குந்தியிருந்தார் ஒருவர்.

"கனிசியஸ் அண்ணை?"

"நம்பரை மாத்திப்போட்டான், பிள்ளை," என்றார் அவர், பல் தந்தியடிக்க. "இடைவழியில மாத்திப்போட்டான்!"

சிரியுங்கள், வாசகரே, தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் வந்தது என்ன விமானம் என்று நான் இங்கே ஓரிடத்திலும் எழுதவில்லை. சத்தம் திரும்பித் தாழ்ந்தபோதே நீங்கள் அதன் பெயரைச் சொல்லிவிட்டீர்கள், இல்லையா? நீங்களும் வானத்தை வாசிப்போர்தான்!