பார்க்காத கடல்

"கழுத்தளவு தண்ணீரிலும் கால்விரல் தெரியும். நீந்தவும் மூச்சுக்குழாய் மாட்டி மீன் பார்க்கவும் இதைவிட நல்ல கடற்கரை கிடையாது." போனைப் பார்த்து உரக்கப் படித்த கணவர் நிமிர்ந்தார். "லீவுக்கு இங்கேயே போயிடலாம்."

அவளுக்குக் காபி புரையேறியது. அந்த வரிகளை எழுதியவளே அவள்தான். பயண ஏஜென்சியில் கடற்கரை விடுதிகளைப் பற்றி எழுதுவது அவள் வேலை. ஆனால் கடலை அவள் நேரில் பார்த்ததே இல்லை. போட்டோவைப் பார்த்து அளந்துவிட்டதுதான் எல்லாம். அதைச் சொல்லக் கூசி, கணக்குப் பிரிவில் இருப்பதாக வீட்டில் சொல்லிவைத்திருந்தாள்.

"அதெல்லாம் சும்மா எழுதறதுங்க."

"சும்மாவா? மீனோட நிறம் வரைக்கும் எழுதியிருக்காங்க. இறங்கிப் பாத்த மனுஷங்கதான் இப்படி எழுத முடியும்."

இறங்கிப் பார்த்த மனுஷி எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். அங்கே அவளுக்கு ஒரு யோசனை உதித்தது. 'ஏமாந்தவன்' என்ற பெயரில் அந்த விடுதிக்குக் கீழே ஒரு கருத்து போட்டாள்: 'கடல் முழுக்க ஜெல்லி மீன். கொட்டிய தடிப்பு இன்னும் ஆறவில்லை. இறங்கிவிடாதீர்கள்.'

கணவர் படித்தார், பயந்தார், பயணத்தைக் கைவிட்டார். ஆனால் படித்தவர் அவர் மட்டுமில்லை. சில நாட்களில் மேனேஜர் அவளை அழைத்தார்.

"எவனோ வேலையத்தவன் எழுதினதைப் பாத்து ஆளாளுக்கு புக்கிங்கை கேன்சல் பண்றாங்க. விடுதிக்காரர் போன்ல அழறார். நீங்க வீட்டுக்காரரோட போங்க, செலவு நம்மளது. நீந்திட்டு வந்து, ஜெல்லி மீனே இல்லைன்னு எழுதுங்க."

"எனக்கு நீச்சல் தெரியாது சார்."

"தெரியாமதானே இத்தனை நாளா எழுதினீங்க?"

ஆபீஸில் பரிசு விழுந்ததாகக் கணவரிடம் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனாள்.

விடுதியில் நாற்காலிகளெல்லாம் கவிழ்ந்து கிடந்தன. வரவேற்றவரும் முதலாளி, பெட்டி தூக்கியவரும் முதலாளி, சமைத்தவரும் அவரே.

"எல்லாரையும் நிறுத்திட்டேன்மா. ஒருத்தன் ரெண்டு வரி எழுதினான், அதோட போச்சு. நீங்களாவது வந்தீங்களே, நல்லா இருக்கணும்."

அவள் கூனிக்குறுகிப் போனாள். சாப்பாடு பரிமாறியவரை நிமிர்ந்து பார்க்கக்கூட முடியவில்லை.

கரையில் கணவர் நீச்சல் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"இறங்கலையா?"

"ஆசைதான். கொட்டிருச்சுன்னா?"

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. "இந்த விடுதியைப் பத்தி எழுதினதே நான்தாங்க. கால்விரல், மீனோட நிறம் எல்லாமே என் கைவரிசை. என் புளுகு தெரிஞ்சிடும்னு ஜெல்லி மீனையும் நானே கிளப்பிவிட்டேன். பாவம், அந்த மனுஷன் பிழைப்பைக் கெடுத்துட்டேன். வெட்கமா இருக்கு."

கணவர் அவள் பக்கம் திரும்பினார். "என்கிட்டயுமா மறைச்சே?"

"சொல்லக் கூசிச்சுங்க."

"சரி, விடு. அப்ப தண்ணியில ஒண்ணும் இல்லையா?"

"சத்தியமா ஒண்ணுமில்லை."

அவர் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு சிறுபிள்ளை மாதிரி ஓடிப்போய் அலைக்குள் விழுந்தார். ஒருவழியாக உண்மையைச் சொல்லிவிட்டதில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

முதலாளி டீயோடு வந்தார். "சார் எங்கம்மா?"

"நீந்தப் போயிருக்கார்."

அவர் தட்டை மணலிலேயே போட்டார். "ஐயோ, கூப்பிடுங்கம்மா அவரை. எங்க விடுதியைப் பத்தி இதுவரைக்கும் வந்ததுல, அந்த ஜெல்லி மீன் சமாச்சாரம் ஒண்ணுதான் உண்மை."