ஏறும்போது மட்டும் வரும் பேய்

ஜவ்வாது மலையில் பேய்க்கு லைசென்ஸ் கிடையாது. ஆனாலும் வண்டி ஓட்டும்.

நம்பாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஏழாவது வளைவுக்கு வந்து பாருங்கள். காலை ஆறு மணிக்கே நாற்பது மோட்டார் சைக்கிள் வரிசையில் நிற்கும். அத்தனையும் பேய் பிடித்தவை. ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழம், ஹெட்லைட் மேல் வேப்பிலை, சீட்டில் கால் கட்டிய கருஞ்சேவல். ஹெல்மெட் மட்டும் ஒருவரிடமும் இல்லை. பேய்க்குப் பயப்படவே நேரம் பத்தவில்லை, பாறைக்கு எப்போது பயப்படுவது?

பேய் ஓட்டுகிறவர் பெயர் வண்டிச்சாமி. ஒடுகத்தூர்ப் பக்கம் இருந்தபோது வெறும் ஜீவானந்தம். அங்கே என்ன வேலை பார்த்தார் என்று மலையில் யாரும் கேட்கவில்லை. நகக்கண்ணில் கறுப்பாக கிரீஸ் இருந்தது. யாககுண்டத்துக் கரி என்றார். சரி என்றார்கள்.

அந்தப் பேய்க்கு ஒரு ஒழுங்கு உண்டு. புளி மூட்டை ஏற்றிக்கொண்டு போளூருக்கு இறங்கும்போது வராது. தார் ரோட்டில் வராது. மூட்டையைப் போட்டுவிட்டு வெறும் வண்டியோடு மலையேறி, ஊருக்குப் பிரியும் கல் பாதையில் திரும்பினால் வந்துவிடும். பின் சக்கரம் கழுதை மாதிரி உதைக்கும். முன் சக்கரத்தை இந்தப் பக்கம் திருப்பினால் அது அந்தப் பக்கம் போகும்.

"இது கீழ்நாட்டுப் பேயி," என்று வண்டிச்சாமி விளக்கினார். "மூட்டை வண்டில கீற வரைக்கும் அதுக்கு உக்கார எடம் இல்ல. எடம் காலியானா ஏறிக்குது."

கூட்டம் தலையாட்டியது. பேய்க்கும் சீட்டு வேண்டுமே.

வைத்தியம் சுலபம். வண்டியை மஞ்சள் தார்ப்பாய்க்குப் பின்னால் தள்ளிவிட வேண்டும். உள்ளே சாமியின் சீடன் முனிசாமி இருப்பான். சாமியின் சொந்த வண்டியும் அங்கேதான் நிற்கும். சாமி வெளியே நின்று மணி அடித்து மந்திரம் சொல்லுவார். உள்ளிருந்து 'டக் டக்' என்று சத்தம் வரும். அது பேயின் எலும்பு முறிவது. அப்புறம் 'புஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம். அது பேயின் கடைசி மூச்சு. மூன்று சுற்று மந்திரம் முடிந்து மறுபடி மணி அடித்தால் மூச்சு நிற்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

இதில் வேடிக்கை, வண்டி உண்மையிலேயே நன்றாக ஓடும். அடுத்த புளி மூட்டை வரைக்கும்.

சின்னராஜ் ஐந்து முறை பேய் ஓட்டியவர். ஐந்து சேவல் போய்விட்டது. போன வாரம் ஆறாவது முறையாகப் பேய் ஏறி, கல் பாதையில் அவரைத் தூக்கிப் போட்டது. வலது கையில் கட்டு.

அவர் மனைவி ரம்யாவுக்கு அங்கன்வாடியில் வேலை உத்தரவு வந்திருந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் வேலை பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். பதினாலு கிலோமீட்டர் கல் பாதை, பஸ் கிடையாது. ரம்யாவுக்கு வண்டி ஓட்டத் தெரியும். வீட்டில் ஒரு வண்டி இருக்கிறது. அதில்தான் பேய் இருக்கிறது.

சனிக்கிழமை சின்னராஜ் சாமியிடம் கேட்டு வந்தார்.

"நாளைக்குக் கொண்டாரச் சொன்னாரு. இது பொம்பளப் பேயாம். மந்திரக் கட்டு போட்டப்பறம் தொண்ணூறு நாளைக்குப் பொம்பள யாரும் வண்டியத் தொடக் கூடாதாம்."

"திங்கக்கிழம நான் எதுல போறது?"

"வேல இன்னொன்னு வரும் ரம்யா. உசுரு வருமா?"

போன மாதம் ரம்யா கூட்டத்தில் நின்று, 'சாமி, பேயி ஏன் தார் ரோட்டுல வரமாட்டேங்குது?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தாள். பேய் அன்றுதான் பெண்ணாக மாறியிருக்க வேண்டும்.

அவள் வண்டியைச் சுற்றி வந்தாள்.

"மூட்டை ஏத்தறதுக்கு முன்னாடி இன்னா பண்ணுவீங்க?"

"டயருல காத்து கல்லு மாதிரி அடிப்பேன். பின்னாடி ஸ்பிரிங்க மெக்கானிக்காண்ட குடுத்து கடைசி படிக்கு ஏத்திடுவேன். லோடு தாங்கணும்ல?"

"எறக்கனப்பறம்?"

"எறக்கனப்பறம் இன்னா? டீ குடிப்பேன்."

ரம்யா நேராகச் சாமி மாடத்துக்குப் போனாள். வண்டி வாங்கி பூஜை போட்ட அன்று, கூடவே கொடுத்த சின்னப் புத்தகத்துக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து மாடத்தில் ஏற்றியிருந்தார்கள். நாலு வருடமாகக் கற்பூரம் காட்டினார்கள். ஒருநாளும் திறக்கவில்லை. அத்தனையும் தமிழில் இருந்தது. குங்குமம் ஒட்டிய பக்கத்தைப் பிரித்தாள். ஆள் மட்டும் என்றால் காற்று இவ்வளவு, பளு என்றால் இவ்வளவு. ஆள் மட்டும் என்றால் ஸ்பிரிங் இரண்டாம் படி, பளு என்றால் ஐந்தாம் படி.

பக்கத்து வீட்டு ஜீப் டிரைவர் பூபாலனிடம் காற்றளக்கும் கருவி இருந்தது. கூப்பிட்டாள். அவர் பின் டயரில் வைத்துப் பார்த்தார்.

"நாப்பது கீது தங்கச்சி! இது டயரா, உரலா? வெறும் வண்டிக்கு, கல்லுப் பாதைக்கு, இருபது போதும். டயரு கொஞ்சம் அமுங்குனாதான் கல்லப் புடிக்கும். இல்லன்னா துள்ளும்."

"ஸ்பிரிங்கு?"

"அதுவும் அப்டிதான். மூட்டை வெயிட்டுக்கு எறுக்கி வெச்சிட்டு மூட்ட இல்லாம போனா உதைக்காம கொஞ்சுமா? டயரு வேற மொட்டையா கீது. பட்டன் பட்டனா கட்ட வெச்ச டயரு போடச் சொல்லு. சேவல் வித்திருந்தாலே வாங்கியிருக்கலாம்."

பூபாலன் ஒரு ஆணியால், டயரின் காற்று வாயில் இருந்த ஊசியை அழுத்தினார். 'புஸ்ஸ்ஸ்' என்றது.

சின்னராஜ் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சீட்டுக்கு அடியில் கொக்கி ஸ்பேனர் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. அதை மாட்டி ஸ்பிரிங் வளையத்தைத் திருப்பினாள். 'டக் டக்' என்றது. சின்னராஜ் இரண்டாம் முறை கன்னத்தில் போடக் கையைத் தூக்கி, பாதியில் நிறுத்தினார்.

கல் பாதையில் ஓடை வரைக்கும் போய் வந்தார்கள். வண்டி பூனை மாதிரி போனது.

"பேயி இன்னிக்கி லீவு போலக்கீது," என்றார் சின்னராஜ். "எதுக்கும் நாளைக்குச் சேவலக் குடுத்துடுவோம்."

"குடுக்கலாம். பேயக் கண்ணுல காட்டட்டும்."

ஞாயிற்றுக்கிழமை பூபாலனும் காற்றடிக்கும் பம்போடு கூட வந்தார். வண்டியைத் தார்ப்பாய்க்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். காற்று இருபதிலேயே இருந்தது.

வண்டிச்சாமி கண்ணை மூடினார். "ஆத்தாடி! ஒன்னு இல்ல, ஒம்போது கீது!"

மணி. மந்திரம். 'புஸ்ஸ்ஸ்'. மூன்று சுற்று. மணி.

முனிசாமி வண்டியை வெளியே தள்ளினான். வண்டி வரமாட்டேன் என்றது. பின் டயர் தோசை மாதிரி தரையில் கிடந்தது. எப்படியோ வெளியே தள்ளிவிட்டு அவன் மறுபடி உள்ளே போனான்.

"இன்னா சாமி, பேயி டயரத் தின்னுடுச்சா?" என்றாள் ரம்யா.

சாமி அசரவில்லை. "ஒம்போது பேயி, மூச்சு முட்டிப் போவுதுங்க. போவும்போது காத்தையும் எடுத்துனு போயிடுச்சி."

"இருக்கும் இருக்கும்," என்றார் வரிசையில் அடுத்து நின்ற ராஜாக்கண்ணு. அவருக்கு வயது அறுபது, இதுவரை எட்டுச் சேவல் கொடுத்தவர். "போன தடவ என் வண்டில ரெண்டுதான், அதான் டயரு தப்பிச்சிது."

"காத்த நேத்தே நான் கொறச்சிட்டேன் மாமா. ஸ்பிரிங்கும் எறக்கிட்டேன். வண்டி நல்லா ஓடுச்சி. அப்ப இந்த ஒம்போதும் எங்க குந்தினு இருந்துச்சி?" ரம்யா ராஜாக்கண்ணுவின் வண்டியைப் பிடித்தாள். "இத உள்ள தள்ள வேணாம். இங்கியே, எல்லாரும் பாக்க ஓட்டுங்க சாமி. டயருல காத்தடிக்கிற மூடி மேல நான் கை வெச்சிக்கிறேன். பேயி வேற வழியா போவட்டும்."

"பொம்பள கை பட்டா மந்திரம் வேல செய்யாது!"

"அப்ப நான் வெச்சிக்கிறேன்," என்று ராஜாக்கண்ணுவே உட்கார்ந்து கட்டைவிரலை வைத்துக்கொண்டார். பக்தியோடுதான் வைத்தார்.

நாற்பது வண்டிக்காரர்கள் பார்க்கிறார்கள். வேறு வழியில்லை. வண்டிச்சாமி கண்ணை மூடி மந்திரத்தை எடுத்தார். பழக்க தோஷம், கை தானாக மணியை அடித்தது.

கூட்டம் மூச்சைப் பிடித்தது.

'புஸ்ஸ்ஸ்ஸ்!'

"போயிடுச்சி!" என்று நாலு பேர் கத்தினார்கள்.

"இங்க ஒன்னும் போவலயே," என்றார் ராஜாக்கண்ணு, விரலை எடுக்காமல். "சத்தம் அங்கிருந்து வருது."

ரம்யா போய்த் தார்ப்பாயை இழுத்தாள். உள்ளே முனிசாமி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கையில் கொக்கி ஸ்பேனர். இன்னொரு கையில் ஆணி. ஆணி, உள்ளே நின்ற ஒரே வண்டியின் டயர் ஊசியில். அது சாமியின் வண்டி.

மூன்று வருடப் பயிற்சி. வெளியே என்ன நடந்தாலும் வாயைத் திறக்காதே, மணி அடித்தால் காற்றைப் பிடுங்கு என்று சாமி சொல்லிக் கொடுத்திருந்தார். நல்ல சீடன்.

"இன்னா பண்ற நீ?" என்றார் ராஜாக்கண்ணு.

முனிசாமி சாமியைப் பார்த்தான். "நீங்கதான மணி அடிச்சீங்க? ரெண்டாவது மணி இன்னும் அடிக்கலியே, நிறுத்தட்டுமா வேணாமா?"

யாரோ சிரித்தார்கள். அது வரிசை முழுக்கப் பரவியது. பிறகு ஒவ்வொருவருக்கும் தன் சேவல் ஞாபகம் வந்தது, சிரிப்பு நின்றது. சாமியின் குடிசைக்குப் பின்னால் கூண்டில் அன்றைக்குப் பதினோரு சேவல் உயிரோடு இருந்தன. மற்றவை குழம்பாகிவிட்டன.

வண்டிச்சாமி தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார். பின் டயர் தட்டை. பத்தடி போய்த் திரும்பினார்.

"பூபாலா, கொஞ்சம் காத்து அடிச்சி வுடேன்."

"பம்பு எதுக்கு சாமி?" என்றார் பூபாலன். "மந்திரத்தத் தலகீழா சொல்லிப் பாருங்க, போன பேயி திரும்பி வந்துடும்."

ரம்யாவின் டயருக்கு மட்டும் பம்பு அடித்தார். மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்கு அவள் அங்கன்வாடிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். பின்சீட்டில் சின்னராஜ், கட்டுப் போட்ட கையோடு. வழிநெடுக அவர் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு கைதான் சும்மா இருந்தது, அதால் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். மலையைக் குறைத்து எடை போடாதீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூபாலன் வீட்டு வாசலில் நாற்பது வண்டி. நடுவில் ஒரு முக்காலி. முக்காலி மேல் வாழையிலை, வாழையிலை மேல் காற்றளக்கும் கருவி. அதன் வட்ட முகத்தில் ராஜாக்கண்ணு சந்தனத்தை அப்பி, பெரிய குங்குமப் பொட்டாக வைத்துக் கொண்டிருந்தார். கற்பூரம் தயாராக இருந்தது.

ரம்யா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, முந்தானையால் பொட்டை அழித்தாள்.

"கும்பிடறதுக்கு இல்ல மாமா இது. முள்ளு எந்த நம்பர்ல நிக்குது, அதப் படிங்க!"