ஒன்பதே போல்ட்டு, அத்தான்

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கே நானும் தங்கள் அக்காவும் மகளும் நலம். வாசல் கேட் நலமில்லை; காரணம் கீழே வருகிறது. தங்கள் நலம் பற்றி விசாரிக்கும் மனநிலையில் நான் இப்போது இல்லை. இதைப் போனிலேயே சொல்லலாமே என்பீர்கள். போனில் தாங்கள் சிரிக்கிறீர்கள். முப்பத்திரண்டு வருஷம் ஆபீசில் ஃபைல் எழுதியவன் நான். என் எழுத்தைப் பார்த்து ஒருத்தரும் சிரித்ததில்லை.

விஷயம், "வச்சுக்கங்க அத்தான், சும்மாதானே கிடக்கு" என்று தாங்கள் பெரிய மனசோடு என் தலையில் கட்டிவிட்டுப் போன அந்தப் பழைய நீல லாரி. போன வாரம் அதை உள்ளே திருப்பும்போது கேட் தூண் வந்து மோதிவிட்டது. நான் மோதவில்லை, உங்கள் அக்கா சொல்வதை நம்ப வேண்டாம். டிரைவர் பக்கத்து முன் மட்கார்டு உள்ளே மடங்கி, ஸ்டியரிங்கை ஒடித்தால் டயரைக் கரகரவென்று தேய்க்கிறது. அந்தப் பக்கக் கதவும் கை நுழையும் அளவுக்குமேல் திறப்பதில்லை. நான் அடுத்த பக்கமாக ஏறி, கியர் கம்பியைத் தாண்டி, இந்த வயசில் படக்கூடாத பாடெல்லாம் பட்டு உட்காருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மகள் வேலையில் சேர உங்கள் ஊருக்குக் கிளம்புகிறாள். கட்டில், பீரோ, புத்தகப் பெட்டி எல்லாவற்றையும் ஏற்றி, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து நானே ஓட்டி வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். எட்டு மணி நேரப் பயணம். வீட்டில் அவள் என்னோடு சேர்ந்தாற்போல் எட்டு நிமிஷம் உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆகிறது தெரியுமா? லாரியில் ஏறிவிட்டால் எங்கே எழுந்து போவாள்? எனக்கு அந்த எட்டு மணி நேரம் வேண்டும். அவ்வளவுதான்.

புது மட்கார்டு வந்து ஹால் சோபாவில் படுத்திருக்கிறது. பழசு கழன்றால் போதும். உங்கள் அக்கா, "தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்" என்றாள். கேட்டேன். என்ன சொன்னாய்? (இதற்குமேல் 'தாங்கள்' எனக்குத் தாங்காது.) "ஒன்பதே போல்ட்டு, அத்தான். அரை மணி நேர வேலை. கழட்டிட்டு லேசா இழுங்க, கையோட வந்துடும்." ஆகா, என்ன ஞானம்! அரை மணி நேரம் முதல் போல்ட்டைக் கண்டுபிடிக்கவே சரியாகப் போச்சு. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சுத்தியலால் தட்டி, ஸ்பானர் வழுக்கி, விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து, மூணு நாள்ல ஒன்பதையும் கழட்டிட்டேன். லேசா இழுத்தேன். நீ சொன்னபடியே கையோட வந்துச்சு, ஹெட்லைட். மட்கார்டு இம்மி நகரலை. சரி, இதுக்கெல்லாம் அசர்ற ஆளா நான்னு கயித்த எடுத்து ஒரு முனைய மட்கார்டுலயும் மறு முனைய கேட்டுலயும் கட்டி, லாரிய ரிவர்ஸ் எடுத்தேன். போன வருஷம்தான் நானே என் கையால பச்சை பெயிண்ட் அடிச்ச கேட்டு. அது லாரி பின்னாடியே வீட்டுக்குள்ள வந்துடுச்சு. அடுத்த வீட்டுக்காரர் சுவத்துக்கு மேல எட்டிப் பார்த்து, "கேட்டையும் உள்ள வச்சுப் பூட்டிக்கிறீங்களா சார்? நல்ல யோசனை"ங்கறார். உங்க அக்கா வாயில முந்தானைய அமுக்கிக்கிட்டு உள்ள ஓடுறா. எனக்கு அழுகையே வந்துடுச்சுப்பா.

கடைசியில் டிங்கர் வேலை செய்கிறவரைக் கூட்டி வந்தேன். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள யாரோ கைவேலை காட்டியிருக்காங்க சார். இதைப் பண்ணவன் வண்டியப் பத்தி ஒரு மண்ணும் தெரியாதவன். அவன் கையில ஸ்பானரே குடுக்கக் கூடாது" என்றார். என் மனசு எப்படிக் குளிர்ந்தது தெரியுமா? உன் பேர், உனக்கும் எனக்கும் என்ன உறவு, எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். வெல்டு வைத்து ஒட்டிவிட்டு ஒன்பது போல்ட்டு என்று கணக்குச் சொல்ல உன்னால்தான் முடியும். இத்தனைக்கும் அந்த மட்கார்டு ஒரு காலத்தில் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. போன வருஷம் நான் சரிசெய்த பிறகுதான் வாயை மூடியது.

ஆகவே மகள் வாடகை வேனில் வருகிறாள். இந்தக் கடிதத்தை அவளே கொண்டுவந்து தருவாள். நான் வரவில்லை. உன் லாரியை நீயே ஆள் வைத்து இழுத்துக்கொண்டு போ. உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உனக்கான ஆசி கைவசம் இல்லை.

இப்படிக்கு,
உன் அக்காவோடு உன் லாரியையும் கட்டிக்கொண்டு அழும்
அத்தான்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மகள் பெட்டி கட்டுவதை விட்டுவிட்டு வந்து, முகம் பார்க்கும் கண்ணாடியைக் கதவிடுக்கில் விட்டுப் பார்த்து, "அப்பா, இங்க பத்தாவதா ஒரு போல்ட்டு இருக்கு" என்றாள். "இருக்கும். உங்க மாமன் போட்டிருப்பான்" என்றேன். "பச்சையா இருக்கேப்பா. லாரி நீலமாச்சே. நம்ம கேட்டுதானே பச்சை?" என்றாள். நானும் கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். போன வருஷம் அவளை இன்டர்வியூவுக்குக் கூட்டிப் போகும் வழியில், "இந்தச் சத்தத்துல படிக்கவே முடியலப்பா" என்றாளே என்று, கையில் கிடைத்த போல்ட்டை நான்தான் அங்கே முறுக்கி, துருப்பிடிக்காமலிருக்க கேட்டுக்கு அடித்ததில் மிஞ்சிய பெயிண்டை மேலே பூசியிருக்கிறேன். அவளுக்கு நினைவிருக்கிறது, எனக்குத்தான் இல்லை. அவள் கை ஒல்லி, உள்ளே நுழைந்தது. பத்தாவது கழன்றதும் மட்கார்டு கையோடு வந்துவிட்டது. வேனை அவளே போன் செய்து வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

இத்தனை பக்கத்தைத் திரும்ப எழுத எனக்குப் பொறுமையில்லை. வாக்கியங்களும் நன்றாக விழுந்திருக்கின்றன. ஆகவே 'நீ' என்று திட்டியிருக்கும் இடத்திலெல்லாம் 'நான்' என்று திருத்திப் படித்துக்கொள். டிங்கர் சொன்னதை மட்டும் படிக்காமல் தாண்டிவிடு. கடிதத்தை நானே லாரியில் கொண்டுவந்து தருகிறேன். படிக்கும்போது சிரிக்காதே. எட்டு மணி நேரமும் உன் மருமகள் சிரித்துக்கொண்டுதான் வருவாள். நீ வேறு ஆரம்பிக்காதே.