முன்கூட்டியே வந்த கண்ணீர்

மனித குலம் இதுவரை அனுசரித்த துக்கங்கள் எல்லாமே தாமதமானவை. ஆள் போன பிறகுதான் அழுவது என்ற பிற்போக்கான வழக்கத்தை ஒழித்துக்கட்டப் பிறந்தவன் நம் நாயகன். நண்பர் வட்டத்தில் அவனுக்குப் பெயர் 'சுடச்சுட'. எந்தப் பிரபலம் கண்ணை மூடினாலும் உடம்பு ஆறுவதற்குள் இவனுடைய அஞ்சலி இணையத்தில் ஏறிவிடும். காரணம், 'தயார்நிலை'. நாட்டில் படுக்கையில் கிடக்கும் பெரிய மனிதர்கள் அத்தனை பேருக்கும் இரங்கல் எழுதி, படம் ஒட்டி, போனில் அடுக்கி வைத்திருந்தான். அவர்கள் போக வேண்டியதுதான் பாக்கி.

ஆகவே, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்யும் அப்பா கனம் தூக்கித் தூக்கிக் குடலிறக்கம் வந்து ஆபரேஷனுக்குப் போனபோது, மகன் கடமை தவறவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து உருக்கமாக ஒன்று எழுதினான். சித்தப்பா மகன் முந்திக்கொண்டால் மானம் போய்விடும் என்பதால், மறுநாள் காலை அது தானாகவே வெளியாகும்படி வைத்தான். அப்பா பிழைத்துவிட்டால் எடுத்துவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு.

அப்பா பிழைத்துவிட்டார். சாயங்காலமே வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். ஆனால் ஒரு கிளி பியானோ வாசிக்கும் வீடியோவில் மூழ்கியிருந்த மகனுக்கு, இவ்வளவு சின்ன விஷயம் நினைவில் நிற்கவில்லை.

காலையில் அவன் கண் விழித்தபோது உலகமே அழுதுகொண்டிருந்தது. உடனே நிதானமாகச் செயல்பட்டான். அப்பாவின் போனையும் அம்மாவின் போனையும் அணைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, அப்பாவின் கட்டிலருகே போய் நின்றான்.

"அப்பா, ஒரு சின்ன ஒத்துழைப்பு வேணும். இன்னிக்கு ஒரு நாள் வெளிய தலை காட்டாதீங்க."

"ஏன்டா?"

"நீங்க செத்துட்டீங்க."

அப்பா தையல் போட்ட இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

விஷயம் முழுவதையும் கேட்டதும், காபியோடு வந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "உங்க அக்கா பார்த்தா என்னங்க ஆகும்? நெஞ்சு வலிக்காரியாச்சே."

"பார்த்துட்டாங்க" என்றான் மகன் பெருமையாக. "முதல்ல அழுததே அத்தைதான். அதுக்கப்புறம்தான் லைக் பிச்சுக்கிட்டுப் போகுது."

"போனைக் குடுடா" என்றார் அப்பா.

"பொறுங்கப்பா. அத்தைக்குத் தெரிஞ்சா 'தம்பி உசிரோட இருக்கான்'னு அங்கேயே எழுதிடுவாங்க. எல்லாம் படுத்துடும். சாயங்காலம் நானே பக்குவமா சொல்லிடறேன்."

"அதுவரைக்கும் அவ இருக்கணுமேடா."

"கவலைப்படாதீங்க. அத்தைக்கும் ஒண்ணு எழுதி வச்சிருக்கேன்."

அம்மா அவன் கையிலிருந்த போனைப் பிடுங்கி அப்பாவிடம் கொடுத்தாள். மறுமுனையில் அக்கா ஓவென்று அழுதாள். தம்பிதான் பேசுகிறான் என்று நம்பவைப்பதற்குள் அப்பாவுக்குத் தையல் இழுத்தது. மூச்சு சீரானதும் அவள் சொன்னாள்: "என்னமோ போ. ஆனா உன் புள்ள உருகி உருகி எழுதியிருக்கான். நீயும் படிச்சுப் பாரு."

அப்பா தன் இரங்கலைத் தானே படித்தார்.

'என் அப்பா என் உயிர்த்தோழன். தினமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். வேலை முடிந்து வரும் அவர் தோளுக்குத் தைலம் தேய்த்துவிடாமல் தூங்க மாட்டேன். ஒரு குரலுக்கு மேல் அவரைக் கூப்பிட விட்டதில்லை.'

கலை உள்ளம் பாராட்டுக்கு ஏங்கும். "எப்படிப்பா இருக்கு?" என்றான் மகன், அப்பா கையிலிருந்த போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நல்லா இருக்கு" என்றார் அப்பா. "ஆனா ஆளை மாத்திட்டியே. நான் இங்கதான் கிடக்கேன். இதுல இருக்கிற புள்ளையைத்தான் காணோம். அவன் எப்படா செத்தான்?"