வல்லயத்தில் கட்டிய மனு

மனுவில் யார் பெயர் இருக்கிறது என்பதை மட்டும் சேவகன் சிவசண்முகம் சொல்லவில்லை.

"சாமிக்குக் கட்டின மனுவ நான் எப்படிப் படிக்க, ரைட்டரய்யா? கடைமடை ஊர்க்காரன் பூரா நேத்து மாடன் கோயில்ல கூடிட்டான். சாமி கையில ஈட்டியா நிக்குத வல்லயத்துல தாளச் சுருட்டிக் கட்டிட்டான். என் கண்ணால பாத்தேன்."

கால்வாய் ஆபீஸ் ரைட்டர் சுவிசேஷமுத்து பேனாவைக் கீழே வைத்தார்.

"கட்டினா என்ன ஆகும்?"

"குத்தம் செஞ்சவன் வெள்ளிக்கிழமை உச்சிக்குள்ள குத்தத்தச் சரி பண்ணிட்டு, தன் கையால அத அவுக்கணும். வேற யாரும் தொட முடியாது, கோயில் பெருக்குத செல்லக்கிளி காவலுக்கு இருக்கா. அவன் வரலேன்னா மாடன் அந்த வல்லயத்தோட ஆளத் தேடி வருவான். போன தடவ ஒரு மணியக்காரரு வராம இருந்தாரு."

"என்ன ஆனாரு?"

"அவரு வீட்டு ஆளுக இப்பமும் அதப் பத்திப் பேச மாட்டாக."

அது 1911-ஆம் வருஷம். தாமிரபரணி அணைக்கட்டில் தண்ணீர் தளும்பி நின்றது. கடைமடையில் நெல் கருகிக்கொண்டிருந்தது. நடுவில் இருந்த மதகு மூடியே கிடந்தது. இஞ்சினீயர் துரை சனிக்கிழமைதோறும் அணைக்கு மேலே படகு விடுவார். மதகைத் திறந்தால் படகு தரைதட்டும். மேல்மடையில் இருந்த மிஷன் தோட்டத்து வாழைக்குத் தண்ணீர் குறையக் கூடாது என்று சபையின் போதகர் தேவதாசனும் சொல்லி வைத்திருந்தார். வேதக்காரர்களான கிறிஸ்தவர்கள் அவரை ஐயர் என்பார்கள்.

கடைமடைக்காரர்கள் யார் யாரையோ பிடித்து எழுதவைத்து ஆபீசுக்குப் பதினான்கு மனுப் போட்டார்கள். பதினான்கையும் சுவிசேஷமுத்து பத்திரமாகத்தான் வைத்திருந்தார், மேசையின் குட்டைக் காலுக்கு அடியில். மதகுச் சாவி அவர் இடுப்பில் இருந்தது.

அவற்றை உடனே துரை பார்வைக்கு அனுப்பிவிட்டால் தன்மேல் குற்றமில்லை என்று தோன்றியது. குனிந்து மனுக்கட்டை உருவினார். மேசை சாய்ந்தது. மைக்கூடு சறுக்கி வந்து பதினான்கு மனுக்களையும் ஒன்றுவிடாமல் குளிப்பாட்டியது.

வீட்டுக்குப் போய் மனைவி சாலோமியிடம் சொன்னார்.

"நாம வேதக்காரங்க. நம்மள மாடன் என்ன செய்யப் போறான்?"

"நாம வேதக்காரங்கன்னு மாடனுக்கு யாரு சொல்லுதது?"

சாலோமிக்கும் அப்போதுதான் பயம் வந்தது. "ஐயர்கிட்டப் போய் ஜெபம் பண்ணச் சொல்லுங்க" என்றாள்.

செவ்வாய்க்கிழமை ஐயர் முழுக்கதையையும் கேட்டார். மடியில் இருந்த வேதப்புத்தகம் கீழே விழுந்தது.

"மனுவுல யாரு பேரு?"

"தெரியலையே, ஐயா."

"எந்தக் கோயிலு? ஆலமரத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

சுவிசேஷமுத்து விவரம் சொன்னார். ஐயர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அங்கன கால் வைக்குதவனச் சபைய விட்டு நீக்கிருவேன். உம்மளயும் சேத்துத்தான் சொல்லுதேன்!"

பயத்துக்கு ஜெபம் கேட்கப் போனவர், கோயிலுக்குப் போகும் வழியையும் அடைத்துக்கொண்டு திரும்பினார்.

மிச்சமிருந்தது மதகு. புதன்கிழமை துரையின் முன்னால் போய் நின்றார்.

"மதகைத் திறக்கலாமா, துரை?"

"யார் கேக்கறது?"

பொய் சொல்லும் அளவுக்கு உடம்பில் தெம்பில்லை. மாடனையும் மனுவையும் உளறிவிட்டார். துரை ஆபீஸ் அதிரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அந்த வல்லயம், எத்தனை அடி நீளம்?"

"பன்னெண்டு அடின்னு சொல்லுதாங்க, துரை."

துரை சன்னலைச் சாத்தினார். "நான் சொல்லாமல் மதகு திறந்தால் உனக்கு வேலை போச்சு!"

வியாழக்கிழமை துரை மேற்பார்வைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். ரைட்டர் வேலைக்கே போகவில்லை. தொரட்டிக் கம்போடு ஓர் ஆட்டுக்காரன் தண்ணீர் கேட்டு வாசலில் வந்து நின்றான். நீண்ட கம்பின் நிழலைக் கண்டதுதான் தாமதம், ரைட்டர் கட்டிலுக்கடியில் இருந்தார். வெளியே வர அரை நாள் ஆயிற்று.

"வேல போனா வேற வேல பாத்துக்கிடலாம்," என்றாள் சாலோமி. "நீங்க போயிட்டா நான் என்ன செய்வேன்?"

வெள்ளிக்கிழமை காலை மதகுச் சாவியைத் திருகினார். அவசரத்தில் பாதி திறக்க நினைத்தது முழுக்கத் திறந்துகொண்டது. துரையின் படகு சேற்றில் சாய்ந்தது. இனித் திரும்பிப் பார்க்க ஒன்றுமில்லை. சாலோமியின் சேலையால் முக்காடு போட்டுக்கொண்டு வரப்போடு ஓடினார். வேலை போயிற்று, சபை போயிற்று, உயிராவது மிஞ்சட்டும் என்று அழுதுகொண்டே ஓடினார். தண்ணீர் அவருக்கு முன்னே கடைமடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்னால் கோயில் வந்தது. வாசலில் செல்லக்கிளி விளக்குமாற்றோடு உட்கார்ந்திருந்தாள். மாடனின் முழித்த கண்ணைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டி வல்லயத்திலிருந்த முடிச்சை அவிழ்த்தார். தன் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று தேடினார். தாளைத் திருப்பினார். மறுபடியும் திருப்பினார்.

"ஏத்தா, இதுல ஒண்ணுமே எழுதலையே!"

செல்லக்கிளி அவர் இடுப்பில் தொங்கிய சாவியைப் பார்த்துவிட்டு நிதானமாக எழுந்தாள்.

"எப்பவும் வெறுந்தாளத்தான் கட்டுவோம், ஐயா. புதன்கிழம உங்க ஐயரு வந்து வாழைக்குத் தண்ணி வேண்டாம்னு கும்பிட்டுட்டுப் போனாரு, நேத்து துரை வந்து படகே வேண்டாம்னு தொப்பியக் கழட்டிட்டுப் போனாரு, சாவிக்காரரத்தான் இன்னும் காணலையேன்னு உக்காந்திருந்தேன்."